முகம் பார்க்காத ஆசிரியரிடம் படிப்பது

பள்ளிக்கரணையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் சனிக்கிழமை சாயங்காலம் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் கூடுவார்கள். பெரும்பாலும் பதினொன்றாம் வகுப்பு, நாலைந்து பேர் பன்னிரண்டு. முப்பத்தொரு வருடம் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். முன்பெல்லாம் "டீச்சர், இந்தக் கணக்கு வரல" என்று நோட்டை நீட்டுவார்கள். சில வருடங்களாகப் போனை நீட்டுகிறார்கள். "டீச்சர், இது காலேஜ் பசங்க படிக்கிற கோர்ஸாம். ஆன்லைன்ல நாங்களும் சேரலாமாம். சேரட்டுமா?"

சேருங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். ஆனால் சேர்ந்தவர்களில் பாதிக்குமேல் ஒரு மாதத்துக்குள் விட்டுவிடுகிறார்கள். விட்டதை என்னிடம் சொல்லக் கூச்சப்பட்டு மாடிக்கு வருவதையே நிறுத்திய பிள்ளைகளும் உண்டு. அதுதான் எனக்குப் பெரிய வருத்தம். அவர்களுக்கும் இனி சேரப்போகிறவர்களுக்கும் ஒவ்வொரு தடவையும் வாயால் சொன்னதை இங்கே எண் போட்டு எழுதுகிறேன்.

1. பாடத்தைத் தேடும் முன்னால் உங்கள் கேள்வியைத் தேடுங்கள்.

வேளச்சேரி–தாம்பரம் சாலையில் தினமும் பள்ளிக்குப் போகிறீர்கள். தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் வாசலைக் கடக்கிறீர்கள். மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்கு இறக்குவதற்கான மத்ஸ்யா 6000 நீர்மூழ்கி அந்தச் சுவருக்குப் பின்னால் இருப்பவர்களின் வேலை. அதே சாலையில்தான் தேசியக் காற்றாற்றல் நிறுவனமும் இருக்கிறது. ஒரு பக்கம் 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த சதுப்பு நிலம், அதை ஒட்டியே பெருங்குடிக் குப்பைமேடு. இவ்வளவையும் பார்த்துக்கொண்டு வளரும் பிள்ளைக்குக் கேள்வி வராமல் இருக்காது.

ஒரு பெண் கேட்டாள்: "மழை நின்னு ரெண்டு நாள் ஆச்சு டீச்சர், எங்க தெருவுல தண்ணி ஏன் இன்னும் வடியல?" சுற்றியுள்ள ஏரிகளின் உபரி நீர் சதுப்பில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் முகத்துவாரத்தில் கடலைத் தொடுகிறது. கடல் ஏற்றமாக இருக்கும் நேரத்தில் அந்தத் தண்ணீர் எளிதில் இறங்காது. இதைச் சொன்னதும் அவள் நீரியல் பாட வீடியோக்களைத் தேடிப் பார்க்க ஆரம்பித்தாள். முதல் வாரத்தில் பாதிதான் புரிந்தது. ஆனாலும் விடவில்லை, ஏனென்றால் அது அவள் தெருத் தண்ணீர். அதே சமயத்தில் பெரியப்பா மகன் சொன்னார் என்று டேட்டா சயின்ஸில் சேர்ந்த இரண்டு பையன்கள் பத்தே நாளில் நிறுத்திவிட்டார்கள். அவர்கள் கெட்டிக்காரர்கள்தான். அந்தப் பாடத்திடம் அவர்களுக்குக் கேட்க எதுவும் இருக்கவில்லை, அவ்வளவே.

2. ஒன்றில் மட்டும் சேருங்கள்.

பதிவு செய்வது இலவசம் என்பதால் ஒரே இரவில் ஐந்து பாடங்களில் பெயர் கொடுத்துவிட்டு வருகிறீர்கள். நான்கை இன்றைக்கே நீக்கிவிடுங்கள்.

3. என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு தேர்ந்தெடுங்கள்.

உலகத்தில் இது எப்படி ஆரம்பித்தது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவின் எம்ஐடி தன் பாடங்களை எல்லோருக்கும் திறந்து வைக்கப்போவதாக 2001-இல் அறிவித்தது. நம் நாட்டில் ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-இல் என்பிடெல் திட்டத்தைத் தொடங்கின. அதில் சென்னை ஐஐடிக்குப் பெரிய பங்கு உண்டு. 2014 முதல் தேர்வும் சான்றிதழும் வந்தன. 2017-இல் மத்திய அரசின் ஸ்வயம் தளம் வந்தது. நீங்கள் வேளச்சேரி தாண்டிக் கிண்டிப் பக்கம் போகும்போது பார்க்கிற அந்த ஐஐடி வளாகக் காட்டுக்குள் பதிவான வகுப்புகளைத்தான் நாடு முழுக்கப் பார்க்கிறார்கள்.

என்பிடெல் பாடங்கள் 4, 8, 12 வாரங்கள் என்று இருக்கும். ஜூலையில் ஒரு பருவம், ஜனவரியில் ஒரு பருவம். பார்ப்பதற்கும் வாராந்தரப் பயிற்சிகளை எழுதுவதற்கும் பணம் வேண்டாம். தேர்வு எழுதத்தான் கட்டணம்.

நிரலாக்கம் தொடங்குகிற பிள்ளைக்கு ரோபார் ஐஐடியின் சுதர்ஷன் ஐயங்கார் நடத்தும் 'ஜாய் ஆஃப் கம்ப்யூட்டிங்' நல்லது. 12 வாரம், அடிப்படையிலிருந்து விளையாட்டுப் போலக் கூட்டிக்கொண்டு போகும். நம் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் புத்தகத்திலேயே பைத்தான் இருப்பதால் இரண்டும் ஒன்றுக்கொன்று துணை. கொஞ்சம் கை பழகியவர்கள் மாதவன் முகுந்த் நடத்தும் பைத்தான் தரவுக் கட்டமைப்புப் பாடத்துக்குப் போகலாம். அவர் நமக்குப் பக்கத்தில் சிறுசேரியில் இருக்கும் சென்னைக் கணிதக் கழகத்துக்காரர். இயற்பியலில் ஆசை உள்ளவர்கள் சென்னை ஐஐடியின் பேராசிரியர் வி. பாலகிருஷ்ணன் எடுத்த வகுப்புகளில் ஒன்றையாவது பாருங்கள். முழுதும் புரியாது. ஆனால் ஒரு மனிதர் சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு, நினைவிலிருந்து, ஒரு கருத்தை இவ்வளவு பொறுமையாகக் கட்ட முடியும் என்பதைப் பதினாறு வயதில் பார்த்துவிடுவது பெரிய பேறு.

சென்னை ஐஐடி 2020-இல் தொடங்கிய தரவு அறிவியல் பட்டப்படிப்பைப் பற்றிப் பலர் கேட்கிறீர்கள். அதன் நுழைவு முறை எனக்குப் பிடித்திருக்கிறது. நான்கு வாரம் பாடம் நடத்தி, பயிற்சி கொடுத்து, அந்தப் பாடத்திலேயே நேரில் தேர்வு வைக்கிறார்கள். பதினொன்று முடித்தவர்களும் அந்தத் தகுதிச்சுற்றை எழுதலாம். தேறினால், பன்னிரண்டை முடித்த பிறகு சேர்ந்துகொள்ளலாம். பதினொன்று, பன்னிரண்டு மாணவர்களுக்கென்றே எட்டு வாரச் சான்றிதழ் பாடங்களும் பள்ளிகளின் வழியாக நடக்கின்றன. உங்கள் தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் நீங்கள் சொல்லித் தெரியட்டும், அதில் தவறில்லை.

4. இந்த ஆசிரியரால் உங்கள் முகத்தைப் பார்க்க முடியாது. எல்லாவற்றையும்விட இதைப் புரிந்துகொள்ளுங்கள்.

வகுப்பில் நான் பாடம் நடத்தும்போது கரும்பலகையைப் பார்த்ததைவிட உங்கள் முகங்களைப் பார்த்ததுதான் அதிகம். மூன்றாவது பெஞ்சில் ஒரு புருவம் சுருங்கினால் போதும், அந்த வரியைத் திரும்பச் சொல்வேன். கடைசி பெஞ்சில் நான்கு பேர் ஒரே மாதிரி தலையாட்டினால் யாருக்கும் புரியவில்லை என்று எனக்குத் தெரிந்துவிடும். பத்து வருடம் பள்ளியில் படித்த நீங்கள் இந்தக் கவனிப்பிலேயே வளர்ந்தவர்கள். உங்களுக்குப் புரியவில்லை என்பதை உங்களுக்கு முன்பே வேறொருவர் கண்டுபிடித்துச் சரி செய்துகொண்டே இருந்தார்.

வீடியோவில் பேசுகிறவர் எவ்வளவு பெரிய அறிஞராக இருந்தாலும் அதைச் செய்ய முடியாது. நீங்கள் தொலைந்துபோன பிறகும் அவர் அதே வேகத்தில், அதே கனிவான குரலில் பேசிக்கொண்டே இருப்பார். குரல் தெளிவாக இருப்பதால் நமக்குப் புரிகிறது என்றே தோன்றும். அதனால் அவர் செய்ய முடியாத அந்த வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் வீடியோவை நிறுத்துங்கள். போனைக் குப்புற வைத்துவிட்டு, இதுவரை சொன்னதை மூன்று வரியில் எழுதுங்கள். எழுத வந்தால் மேலே போங்கள். வராவிட்டால் நீங்கள் எங்கே நின்றீர்கள் என்று அந்தக் காகிதமே காட்டும்.

5. மூன்றாம் வாரத்துக்குத் தயாராக இருங்கள்.

முதல் வாரம் அறிமுகம், எல்லாம் இனிமையாக இருக்கும். இரண்டாம் வாரத்தில் எடுத்துக்காட்டுகள். மூன்றாம் வாரம் வாக்கில், "இது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்" என்று ஒரு வரியில் தாண்டிப் போவார்கள். கல்லூரிப் பிள்ளைக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. அந்த ஒரு வரிதான் பள்ளிக்கும் கல்லூரிக்கும் நடுவில் இருக்கும் பள்ளம். நின்றுபோகிறவர்கள் பெரும்பாலும் அங்கேதான் நிற்கிறார்கள். நின்றவுடன் 'எனக்கு மூளை இல்லை' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கண்ணுகளா, மூளைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நடுவில் ஒரு படி இல்லை, அதைப் போட்டுக்கொண்டு ஏற வேண்டும்.

ஓய்வு பெற்ற வருடம் நானே ஓர் இயற்பியல் பாடத்தைக் கேட்க உட்கார்ந்தேன். நடுவில் பகுதி வகைக்கெழு வந்தது. எம்எஸ்ஸியில் படித்ததுதான், ஆனால் முப்பது வருடம் தொடாமல் விட்டதில் கையை விட்டுப் போயிருந்தது. அன்று இரவு அந்த வீடியோவை மூன்று தடவை ஓட்டினேன். மூன்று தடவையும் ஒரே இடத்தில் நின்றேன். திரும்பத் திரும்ப ஓட்டுவதால் பயனில்லை என்று அன்றைக்குத்தான் உறைத்தது. அடுத்த நாள் இப்படிச் செய்தேன்: கடைசியாகப் புரிந்த வாக்கியத்தை எழுதினேன். அதற்கு அடுத்த வாக்கியத்தை, புரியாததை, அப்படியே கீழே எழுதினேன். இரண்டுக்கும் நடுவில் எந்தச் சொல் அல்லது எந்தக் குறி புதியது என்று வட்டம் போட்டேன். அதை மட்டும் பழைய புத்தகத்தில் தேடினேன். எழுத்துக்குப் பதில் 2, 3 என்று சின்ன எண்களைப் போட்டுப் பார்த்தேன். நாற்பது நிமிடத்தில் வழி கிடைத்தது.

நீங்களும் இதையே செய்யுங்கள். ஒரே இடத்தில் முக்கால் மணி நேரத்துக்குமேல் முட்டிக்கொள்ள வேண்டாம். எழுந்து வேறு வேலை பாருங்கள், தூங்குங்கள், காலையில் திரும்ப வாருங்கள். இரண்டு நாள் முயன்றும் வராவிட்டால் யாரிடமாவது கேளுங்கள். ஆனால் "டீச்சர், மூணாவது வாரம் புரியல" என்று வராதீர்கள். "இந்த வரி வரைக்கும் புரியுது, இந்த வரி எப்படி வந்துச்சுன்னு தெரியல" என்று வாருங்கள். அப்படிக் கேட்கத் தெரிந்துவிட்டால் பாதி வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள்.

6. நோட்டில் எழுதுங்கள், எழுதியதை அழிக்காதீர்கள்.

தவறாகப் போட்ட கணக்கின் மேல் ஒரு கோடு போட்டுவிட்டுக் கீழே மறுபடி போடுங்கள். கிழித்துவிட வேண்டாம். எங்கே தவறினீர்கள் என்று ஒரு மாதம் கழித்துப் பார்க்க அந்தப் பக்கம் வேண்டும்.

7. ஆங்கிலத்தைக் கண்டு ஒதுங்காதீர்கள், தமிழையும் கைவிடாதீர்கள்.

தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகள்தான் இதில் அதிகம் பயப்படுகிறார்கள். வேகத்தை முக்காலாகக் குறைத்துப் பாருங்கள், ஆங்கில எழுத்து வரிகளைத் திரையில் போட்டுக்கொள்ளுங்கள். என்பிடெல் பாடங்கள் பலவற்றின் எழுத்து வடிவம் தமிழிலும் கிடைக்கிறது, தேடிப் பாருங்கள். பக்கத்தில் உங்கள் தமிழ்ப் பாடப்புத்தகம் திறந்திருக்கட்டும்.

தமிழ்ச் சொல் உங்களுக்கு உதவும் இடம் நிறைய உண்டு. 'ப்ராபபிலிட்டி' என்றால் ஓர் ஓசை. 'நிகழ்தகவு' என்றால் நிகழ்வதற்கான தகவு என்று சொல்லே பொருளைச் சொல்லிவிடுகிறது. 'வெக்டார்' என்பதைத் 'திசையன்' என்று சொல்லிப் பாருங்கள், திசை உள்ளே உட்கார்ந்திருக்கிறது. 'லாகரிதம்' என்று பத்துத் தடவை எழுதிய பிள்ளைக்கு 'மடக்கை' என்றதும், எத்தனை மடக்கு என்று கேட்பதுதானே இது என்று சட்டெனப் பிடிபட்டதை நான் பார்த்திருக்கிறேன். நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு பத்தி போட்டு, வருகிற சொற்களையெல்லாம் இரண்டு மொழியிலும் எழுதிக்கொண்டே வாருங்கள். அறுபது எழுபது சொல் சேர்ந்ததும் ஆங்கில வகுப்பு கடினமாகத் தோன்றாது. ஒரு பாடத்தில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் அவ்வளவுதான்.

8. பயிற்சி வினாக்களுக்கு விடையைக் கடன் வாங்காதீர்கள்.

என்பிடெல் பாடத்தில் வாரப் பயிற்சிக்கு 25 மதிப்பெண், நேரில் எழுதும் தேர்வுக்கு 75. பயிற்சியில் 10, தேர்வில் 30 எடுத்தால்தான் தேர்ச்சி. 8 வாரப் பாடம் என்றால் சிறந்த 6 பயிற்சிகளை, 12 வாரப் பாடம் என்றால் சிறந்த 8 பயிற்சிகளை மட்டுமே கணக்கில் எடுப்பார்கள். ஒன்றிரண்டு வாரம் தவறினால் தாங்கிக்கொள்ளவே அப்படி வைத்திருக்கிறார்கள்.

செயற்கை நுண்ணறிவிடம் கேள்வியை ஒட்டினால் விடை வந்துவிடும், எனக்குத் தெரியும். அப்படி 25-க்கு 25 வாங்கிய ஒரு பையன் தேர்வு மையத்தில் இரண்டாம் கேள்வியிலேயே உட்கார்ந்துவிட்டான். வெளியே வந்து அழுதான். அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அவனுக்கு இருந்த நேர நெருக்கடி எனக்குத் தெரியும். ஆனால் உங்களுக்கு முன்கூட்டியே சொல்கிறேன்: முதலில் நீங்கள் எழுதுங்கள். எழுதி முடித்த பிறகு, "என் வழியில் எங்கே தவறு" என்று அதனிடம் கேளுங்கள். அந்த வரிசையை மாற்றாதீர்கள்.

9. பள்ளிப் பாடத்தைப் பட்டினி போடாதீர்கள்.

பள்ளியில் படிக்கும்போதே கல்லூரிக் கணிதத்துக்குள் நுழைந்த பிள்ளை நம் மண்ணில் நூறு வருடத்துக்கு முன்பே இருந்தான். கும்பகோணத்தில் ராமானுஜன் வீட்டில் தங்கியிருந்த கல்லூரி மாணவர்கள் வழியாக லோனியின் முக்கோணவியல் புத்தகம் அவர் கைக்கு வந்தது. பதின்மூன்று வயது வாக்கில் அதை முடித்துவிட்டார். 1903-இல், பதினாறு நிரம்பும் முன்பு, கார் என்பவர் தொகுத்த கணிதத் தொகுப்பு நூல் கிடைத்தது. ஏறத்தாழ ஐயாயிரம் முடிவுகள், நிரூபணம் அநேகமாக இல்லாமல். ஒவ்வொன்றையும் தானே நிறுவிப் பார்க்கப் புகுந்தார். அவருக்கும் முகம் பார்க்காத ஆசிரியர்தான், அதுவும் குரல்கூட இல்லாத ஆசிரியர்.

அடுத்து நடந்ததையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1904-இல் பரிசோடு பள்ளியை முடித்து, உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணிதம் தவிர வேறு எதிலும் மனம் செல்லவில்லை. ஆங்கிலத்தில் தவறினார், உதவித்தொகை போயிற்று. பிறகு சென்னைக்கு வந்து பச்சையப்பன் கல்லூரியில் படித்து எழுதிய எஃப்ஏ என்ற கல்லூரித் தேர்விலும் தேறவில்லை. காகிதம் வாங்கப் பணமில்லாமல் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் எழுதிய வருடங்கள் அவை. 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தர் வேலை, 1913-இல் இங்கிலாந்தின் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் என்று பின்னால் கதவு திறந்தது. அந்தக் கடிதம் படிக்கப்படாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் எனக்கு அடிவயிறு கலங்கும்.

அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன். வாரத்தில் ஆறு மணி நேரத்துக்குமேல் இந்த இணையப் பாடத்துக்குக் கொடுக்காதீர்கள். வீடியோ இரண்டரை மணி நேரம் என்றால் மீதி எழுதிப் பார்க்க. பதினொன்றாம் வகுப்பின் ஜூலைப் பருவம் இதற்குச் சரியான காலம். பன்னிரண்டில் சேர்வதானாலும் அதே ஜூலைப் பருவத்தில், அதுவும் சிறிய பாடமாக. ஜனவரிப் பருவத்தைப் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் தொடவே வேண்டாம். மார்ச்சில் பொதுத்தேர்வு இருக்கிறது. நீட், ஜேஇஇ பயிற்சிக்கும் போய்க்கொண்டிருக்கிறவர்கள் இந்த வருடம் இதில் சேராமல் இருப்பதே நல்லது. கல்லூரிக்குப் போன பிறகும் இந்தப் பாடங்கள் அங்கேயேதான் இருக்கும்.

10. தனியாகப் படிக்காதீர்கள்.

2012-இல் எம்ஐடி, மின்சுற்றுகள் பற்றிய தன் இரண்டாம் ஆண்டுப் பாடத்தை உலகுக்கு இணையத்தில் நடத்தியது. பதிவு செய்தவர்கள் 1,54,763 பேர். சான்றிதழ் பெற்றவர்கள் 7,157 பேர். நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. நடுவில் விட்டதற்காகக் கூனிக் குறுகும் பிள்ளைகள் இந்த இரண்டு எண்களையும் நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முழு மதிப்பெண் வாங்கியவர்கள் 340 பேர். அவர்களில் ஒருவன் மங்கோலியத் தலைநகர் உலான்பாதரைச் சேர்ந்த பதினைந்து வயதுப் பள்ளி மாணவன், பட்டுஷிக் மியாங்கன்பாயர். கார் நிறுத்துமிடத்திலிருந்து வண்டி வெளியே வருவதை எச்சரிக்கும் ஒரு சைரனைத் தானே செய்தவன். பிறகு எம்ஐடியிலேயே படிக்கப் போனான்.

செய்தித்தாள்கள் அவனை மேதை என்று எழுதின. எனக்கு அதில் பெரிதாகப் பட்டது வேறொன்று. அவன் பள்ளியின் முதல்வர் எம்ஐடியில் படித்தவர். இந்தப் பாடத்தை ஒரு மாணவர் குழுவாகச் சேர்ந்து படிக்க அவர் ஏற்பாடு செய்தார். அமெரிக்காவிலிருந்து ஓர் ஆராய்ச்சி மாணவர் மின்சுற்றுக் கருவிகளைப் பெட்டியில் கட்டி எடுத்துக்கொண்டு போய் அந்தப் பிள்ளைகளோடு உட்கார்ந்து செய்து காட்டினார். திரையில் இருந்தவர் பார்க்க முடியாத முகங்களை அங்கே இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்கும் இது பட்டுத் தெரிந்ததுதான். வேலைக்கு வந்த புதிதில் தபால் வழியில் மேற்படிப்புக்குச் சேர்ந்தேன். பழுப்பு உறையில் பாடக் கட்டுகள் வரும். பிரிக்காமலே பரணில் போட்டுவிடுவேன். இரண்டு தாளில் தோற்றேன். அடுத்த வருடம் பக்கத்துப் பள்ளி ஆசிரியை ஒருவரும் நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் மாறி மாறி ஒருவர் வீட்டில் ஒருவர் உட்கார்ந்தோம். படித்ததை ஒருவருக்கொருவர் நடத்துவோம். இரண்டு தாளும் தேறிவிட்டன. அதனால் சொல்கிறேன், ஒரே பாடத்தில் இரண்டு பேராகச் சேருங்கள். வாரம் ஒரு தடவை நேரில் உட்காருங்கள். ஒருவர் நடத்த வேண்டும், மற்றவர் முகம் சுளிக்க வேண்டும்.

11. மழையைக் கணக்கில் வையுங்கள்.

நம் ஊரில் இதைச் சொல்லாமல் முடியாது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் இங்கே எத்தனை தெருவில் நாட்கணக்கில் மின்சாரமும் சிக்னலும் இல்லாமல் கிடந்தோம் என்று உங்களுக்கே தெரியும். 2015 வெள்ளத்தைப் பற்றி உங்கள் அம்மா அப்பாவிடம் கேளுங்கள். ஜூலைப் பருவத்தின் கடைசிப் பகுதி வடகிழக்குப் பருவமழையோடு மோதும். வானம் தெளிவாக இருக்கும்போதே அடுத்த மூன்று வார வீடியோவை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சியைக் கெடு நாளின் இரவுக்கு வைக்காமல் திறந்த அன்றே தொடங்குங்கள். நோட்டை உயரமான அலமாரியில் வையுங்கள்.

12. சான்றிதழைச் சரியான அளவில் பாருங்கள்.

அமெரிக்காவில் பள்ளியில் இருந்தபடியே கல்லூரிப் பாடம் படித்தால் பின்னால் கல்லூரி அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு பரவலாக உண்டு. இங்கே பதினொன்றாம் வகுப்பில் வாங்கிய சான்றிதழைக் காட்டினால் கல்லூரியில் ஒரு பாடம் குறையும் என்று நம்பிச் சேராதீர்கள். அது அந்தந்தக் கல்லூரியின் விதியைப் பொறுத்தது, சேரும்போது கேட்டுக்கொள்ளுங்கள். என்பிடெலில் 60-க்கு மேல் எலைட், 90-க்கு மேல் தங்கம் என்று சான்றிதழில் அச்சிடுவார்கள். வாங்கினால் எடுத்து வாருங்கள், எல்லோருக்கும் கேசரி செய்கிறேன். வீட்டில் தேர்வுக் கட்டணத்துக்குக் கஷ்டம் என்றால் தேர்வையே விட்டுவிடுங்கள், பாடத்தை விடாதீர்கள். கல்லூரிக்குப் போய் அதே பாடம் முதல் வருடத்தில் வரும்போது, மற்றவர்கள் மிரளும் இடத்தில் நீங்கள் மிரள மாட்டீர்கள்.

13. வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை.

பிள்ளை போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் படம் பார்ப்பதாகத்தான் உங்களுக்குத் தோன்றும். பக்கத்தில் நோட்டு திறந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். திறந்திருந்தால் அந்த ஒரு மணி நேரம் கடைக்கு அனுப்பாதீர்கள். வீட்டில் ஒரே போன் என்றால் யாருக்கு எப்போது என்று நேரத்தை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அண்ணனுக்கு ஒரு மணி நேரம் என்றால் தங்கைக்கும் ஒரு மணி நேரம். இந்தத் தெருக்களில் அந்த இரண்டாவது மணி நேரம் அநேகமாகக் கிடைப்பதில்லை, அதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். வீட்டில் சத்தம் அதிகம் என்றால், விடுமுறை நாளில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு ஒரு தடவை கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே அமைதியாக உட்கார்ந்து படிக்கும் நூற்றுக்கணக்கான பேரைப் பார்த்ததும் பிள்ளைக்குத் தானாகவே முதுகு நிமிரும்.

14. நடுவில் விட்டவர்களுக்கு.

பாடம் அடுத்த ஜூலையில் மறுபடி வரலாம், வராவிட்டாலும் வீடியோக்கள் எங்கும் போய்விடாது. விட்ட இடத்திலிருந்து தொடங்க வேண்டாம், அதற்கு ஒரு வாரம் முன்னாலிருந்து தொடங்குங்கள். பழைய நோட்டைத் தேடி எடுங்கள், அதில் எந்த வரியில் நின்றீர்கள் என்பது இருக்கும்.

மாடியில் வெளிச்சம் போதவில்லை என்று போன வாரம் இன்னொரு டியூப்லைட் மாட்டச் சொன்னேன். இப்போது கைப்பிடிச் சுவர் ஓரம் உட்காருகிறவர்களின் முகமும் எனக்குத் தெரிகிறது. சனிக்கிழமை ஐந்தரை மணிக்கு வாருங்கள். மூன்றாம் வாரத்தில் நின்றவர்கள் முன்வரிசையில் உட்காருங்கள்.